ரிக்சியாவும் டக்வீடும்: ரெண்டும் பாசிதானா?

இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பிரிச்சுப் பாத்தா அஞ்சு பேரு பச்சப்பசேல்னு மெதக்குறத பத்தியும் மண்ணுல ஒட்டிக் கெடக்குறத பத்தியுமேதான் கேட்டிருக்காங்க. மழ முடிஞ்ச கையோட நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம் எங்க திரும்புனாலும் பச்சையாத்தானே இருக்கு, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், எனக்கு பாகூர். பி.எஸ்சி. பாட்டனி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். புதுச்சேரில ஒரு மீன்தொட்டிக் கடையில ரிக்சியான்னு சொல்லி ஒரு கப்பு 120 ரூபாய்க்கு குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து தொட்டில விட்டுப் பாத்தா எங்க ஏரி ஓரத்துல மெதக்குற பாசி மாதிரியே இருக்கு, காலேஜ் லேப்ல பாத்த ரிக்சியா மாதிரி இல்ல. எங்க அண்ணன் என்னடான்னா "ரெண்டும் ஒண்ணுதான், லிவர்வொர்ட்ல அது தண்ணி வகை"ங்குறான். போட்டோ அனுப்பியிருக்கேன். ரெண்டையும் எப்படி பிரிச்சுப் பாக்குறது? உண்மையிலேயே என்ன வித்தியாசம்?
— ஒரு மாணவி, பாகூர்

பதில்: போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன்மா. அது ரிக்சியா இல்ல, டக்வீட். அதுலயும் லெம்னாங்குற வகை. கடையில தெரிஞ்சு குடுத்தாங்களா தெரியாம குடுத்தாங்களான்னு நான் சொல்ல முடியாது, ஆனா அண்ணன் சொல்றது சரியில்லன்னு மட்டும் தைரியமா சொல்லுவேன். டக்வீட் பூக்குற செடி. சேம்பு, சேனை, ஆகாயத்தாமரை இதெல்லாம் இருக்குற குடும்பம் அது. ஒத்த வித்திலை செடிங்கறதால உங்க வீட்டு வாசல்ல நிக்கிற தென்னமரத்துக்கும் வயல்ல நிக்கிற நெல்லுக்கும் அது தூரத்துச் சொந்தம். ரிக்சியாவோ பூவும் இல்லாம, விதையும் இல்லாம, வேரும் இல்லாம, தண்ணி ஏத்துற குழாயும் இல்லாம பொழைக்குற லிவர்வொர்ட் கூட்டம். அந்தக் கூட்டத்துல சிலதோட ஒடம்பு ஈரல் மாதிரி மடல் மடலா இருக்குறதுனால வந்த பேரு அது. ரெண்டும் ஒரே கப்புல மெதக்குதுங்குறதுக்காக ஒண்ணுன்னு சொன்னா, ஏரில நீந்துற மீனும் தண்ணிப்பாம்பும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

பிரிச்சுப் பாக்குறது சுலபம், பத்து ரூவா லென்ஸ் போதும். ஒரு துணுக்க வெரல் நுனில எடுத்து வெள்ளப் பீங்கான் தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி விடுங்க. டக்வீட்டா இருந்தா ஒவ்வொண்ணும் தனித்தனி முட்ட வடிவ வில்லையா இருக்கும், 2-லேர்ந்து 5 மில்லிமீட்டர், ரெண்டு மூணு வில்லை ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும், கவுத்துப் போட்டா அடில ஒரே ஒரு வெள்ளை வேரு நூலு மாதிரி தொங்கும். ஒரு கொத்தா வேரு தொங்கி அடிப்பக்கம் ஊதா கலந்த செவப்பா இருந்தா அது லெம்னா இல்ல, அதோட அக்கா முறை ஸ்பைரோடெலா. வேரே இல்லாம ரவை மாதிரி உருண்டையா இருந்தா உல்ஃபியா, உலகத்துலயே சின்ன பூச்செடி அதுதான், 1 மில்லிமீட்டர் கூட இருக்காது. அதுக்குள்ளயும் பூ உண்டுன்னு நெனச்சுப் பாருங்க. தாய்லாந்துல அத வலை போட்டு அள்ளி சமைச்சே சாப்புடுறாங்க. இனி ரிக்சியா. அது வில்லையா இருக்காது, சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்துல நாடா மாதிரி, கவட்டை கவட்டையா பிரிஞ்சு பிரிஞ்சு போவும், உண்டிவில்லு கவட்டைய ஒண்ணு மேல ஒண்ணு ஒட்ட வச்ச மாதிரி. நாலஞ்சு சேந்தா ஒண்ணோட ஒண்ணு சிக்கி பந்து மாதிரி ஆயிடும். தொங்குற வேரு கெடையாது. இந்தக் கவட்டையும் வேரும் ரெண்டையும் பாத்தாலே முடிஞ்சுது, இதுக்கு மைக்ராஸ்கோப்பே வேணாம்.

நீங்க லேப்ல பாத்தது ஏன் வேற மாதிரி இருந்துச்சுன்னா, லேப்ல காட்டுறது பெரும்பாலும் மண்ணுல வளர்ற ரிக்சியா. அது வட்டமா ரோசாப்பூ வச்ச மாதிரி தரையோட தரையா ஒட்டிக் கெடக்கும், அடில மயிர் மாதிரி ரைசாய்டு இருக்கும். தொட்டிக்காரங்க விக்கிறது ரிக்சியா ஃப்ளூட்டன்ஸ், மெதக்குற வகை. அதையே எடுத்து ஈரச் சேத்துல வச்சீங்கன்னா கொஞ்ச நாள்ல அகலமாகி ரைசாய்டு விட்டு ஒட்டிக்கும். மெதக்குறப்போ அது பொதுவா ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலா முளைக்குற தூள், வைக்காது, கரையேறுனாத்தான். அத தண்ணிக்கு அடில கல்லுல நூலு போட்டு கட்டி வச்சா ஆக்சிஜன் முத்து முத்தா குமிழி விடுறத தொட்டி பிரியருங்க உசிரா ரசிப்பாங்க, ஜப்பான்ல தகாஷி அமானோ தன்னோட தொட்டிகள்ல அப்படி வச்சு உலகம் பூரா பிரபலப்படுத்துனாரு. அதனாலதான் அதுக்கு கடையில இவ்ளோ வெல. டக்வீட்ட காசு குடுத்து வாங்குறது எனக்கு மனசு ஆறல, அத நம்ம ஏரில ஒரு கை அள்ளுனா ஆயிரம் வரும். நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணியும் கெடச்சா ரெண்டு மூணு நாள்ல ரெண்டு மடங்காயிடும், பத்து தடவ ரெட்டிச்சா ஒண்ணு 1024. தொட்டத் தொட்ட எடத்துல விலகி விட்ட விட்ட எடத்துல மூடிக்கிற கேணிப் பாசிய சங்கப் பாட்டுல பசலைக்கு உவமையா சொல்லியிருக்காங்க, அது டக்வீட் மாதிரி மெதக்குற ஒண்ணாத்தான் இருக்கணும்னு எனக்குப் படுது, படிக்கட்டுல வழுக்குற பாசி அப்படி நகராதே.

சரி, இது வரைக்கும் வெளித்தோற்றம். நீங்க கேட்டது உண்மையிலேயே என்ன வித்தியாசம்னு. அதுக்கு இப்ப வர்றேன், இங்கதான் நான் 30 வருஷமா கிளாஸ்ல தொண்டத்தண்ணி வத்தக் கத்துனது.

ரிக்சியாவோட பச்சை ஒடம்பையும் டக்வீட்டோட பச்சை ஒடம்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுறதே தப்பு. ஏன்னா ரெண்டும் ஒரே தலைமுறை இல்ல. டக்வீட்டோட வில்லை, நம்மள மாதிரியே, ரெண்டு செட் குரோமோசோம் வச்சிருக்குற ஸ்போரோபைட், அதாவது ஸ்போர் உண்டாக்குற தலைமுறை. ரிக்சியாவோட கவட்டை ஒரே ஒரு செட் மட்டும் வச்சிருக்குற கேமிடோபைட், அதாவது ஆண் அணு, பெண் அணு உண்டாக்குற தலைமுறை. ரிக்சியாவோட ஸ்போரோபைட்ட எங்க தேடணும்னா அந்தக் கவட்டைக்கு உள்ளயே, சதைக்குள்ள புதைஞ்சு கெடக்குற ஒரு சின்ன உருண்டைல. காம்பு கெடையாது, காலு கெடையாது, வெறும் ஒரு பை, அதுக்குள்ள ஸ்போர். தாய் ஒடம்பு அழுகி கரைஞ்சாத்தான் அந்த ஸ்போர் வெளிய வரும். தாய விட்டு அந்தப் புள்ள ஒரு நாள் கூட தனியா நின்னதில்ல.

அப்ப டக்வீட்டுல கேமிடோபைட் எங்க போச்சு? அது இருக்குதும்மா, ஆனா சுருங்கிடுச்சு. ஆம்பளப் பக்கம் மகரந்தத் தூளுக்குள்ள மூணே மூணு செல். பொம்பளப் பக்கம் சூலுக்குள்ள, பெரும்பாலான பூச்செடில போலவே, 7 செல். அவ்வளவுதான். ரிக்சியால கண்ணுக்குத் தெரிஞ்சு வெயில் வாங்கி வளந்து கவட்டை விட்ட அந்த முழு வாழ்க்கையும் டக்வீட்ல ஒரு தூளுக்குள்ளயும் ஒரு சூலுக்குள்ளயும் அடங்கிடுச்சு. அதனால நேர்மையா ஒப்பிடணும்னா உங்க தொட்டில மெதக்க வேண்டிய அந்த ரிக்சியா பந்த ஒரு பக்கம் வைக்கணும், இன்னொரு பக்கம் டக்வீட் மகரந்தத்துல ஒரே ஒரு தூள வைக்கணும். அதுங்கதான் ஒண்ணுக்கொண்ணு ஜோடி. இத மொதமொதல்ல புரிஞ்சுக்கிட்டப்போ எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, நெசமா சொல்றேன்.

இத உலகத்துக்கு காட்டுனவரு வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். 1851-ல, அப்ப அவருக்கு 27 வயசு. காலேஜ் படிப்பு கெடையாது, ஜெர்மனில லைப்சிக் ஊர்ல அவங்கப்பாவோட இசைப் புத்தகக் கடையில வேல பாத்துக்கிட்டே, கிட்டப்பார்வைக் கண்ணோட, மைக்ராஸ்கோப்புல லிவர்வொர்ட், மாஸ், பெரணி, ஊசியிலை மரம் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அறுத்துப் பாத்து, எல்லாத்துலயும் இந்த ரெண்டு தலைமுறையும் மாறி மாறி வருதுன்னு காட்டுனாரு. டார்வின் பரிணாமத்த அச்சுல போடுறதுக்கு 8 வருஷம் முன்னாடி.

நம்ம நாட்டுலயும் இதுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1964-ல டெல்லி பல்கலைக்கழகத்துல சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தையோட மகரந்தப்பைய சத்துக் கரைசல்ல வளத்தாங்க, தூள்லேர்ந்து குட்டி குட்டியா கரு கெளம்புச்சு, ஒரே செட் குரோமோசோமோட. பூச்செடில ஒளிஞ்சு கெடந்த அந்த ஒத்த செட்டு வாழ்க்கைய வெளிய இழுத்து செடியாவே ஆக்கிட்டாங்க. நெல்லு ரகம் உருவாக்குறதுக்கு இன்னிக்கும் அந்த வழி பயன்படுது.

இனி பெருகுறது. ரெண்டுமே பெரும்பாலும் பூ, ஸ்போர்னு மெனக்கெடாம ஒடம்பாலயே பெருகும், அங்கயும் வழி வேற. ரிக்சியாவுக்கு பின்பக்கம் வயசாகி செத்துக்கிட்டே வரும், சாவு கவட்டைய எட்டுனதும் ரெண்டு கெளையும் ரெண்டு செடி ஆயிடும். டக்வீட் ஓரத்துல இருக்குற பைலேர்ந்து மகள் வில்லைய மொட்டு விட்டு தள்ளி விடும். டக்வீட் பூவ என் சர்வீஸ்ல ரெண்டே தடவதான் லென்ஸ்ல பாத்தேன்: ரெண்டு மகரந்தக் கம்பி, ஒரு சூலகம், சேம்புப் பூவுக்கு மடல் இருக்குற மாதிரி பேருக்கு ஒரு சவ்வு. இந்தப் பூ அபூர்வங்கறதால லேப்ல சாலிசிலிக் ஆசிட் விட்டு பூக்க வைக்கிறது கூட உண்டு, ஆஸ்பிரின் மாத்திரைக்கு சொந்தக்கார மருந்து அது.

கேள்வி: வணக்கம் ஐயா, நான் பிளஸ் ஒன். லிவர்வொர்ட், மாஸ் எல்லாம் சேந்த பிரையோபைட்ட "தாவர உலகத்தோட இருவாழ்வி"ன்னு எங்க மிஸ் சொன்னாங்க. அப்படின்னா டக்வீட் தண்ணிலயே கெடக்குதே, அதத்தானே அப்படி சொல்லணும்?
— நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, நல்ல கேள்வி, மனப்பாடம் பண்ற புள்ளைக்கு இது தோணாது. இருவாழ்வின்னு சொல்றது எங்க குடியிருக்குங்குறத வச்சு இல்ல, புள்ள பெக்க தண்ணி வேணுமாங்குறத வச்சு. ரிக்சியாவோட ஆண் அணுவுக்கு ரெண்டு வாலு உண்டு, அது நீந்தித்தான் பெண் அணுகிட்ட போகணும். மழத்துளியோ பனித்துளியோ ஒரு மெல்லிசு படலமாவது வேணும். தரையில வாழும், ஆனா கல்யாணத்துக்கு தண்ணிகிட்ட போகும், தவள மாதிரி.

டக்வீட் வேற கதை. அதோட முன்னோருங்க தரைக்குப் போயி, நீந்தாத மகரந்தம், விதை, தண்ணி ஏத்துற குழாய், மூடித் தொறக்குற இலைத்துளை எல்லாம் சம்பாதிச்சுட்டு அப்புறம் தண்ணிக்குத் திரும்பி வந்தவங்க. புதுச்சேரில பிரான்ஸ் பட்டாளத்துல சர்வீஸ் முடிச்சு ஊரு திரும்புன சொல்தா வீட்டப் பாத்திருப்ப, வீடு இங்கதான், ஆனா சாப்பாட்டு மேஜைலேர்ந்து பேச்சு வரைக்கும் அந்த ஊரு சம்பாத்தியம் தெரியும். அந்த மாதிரி டக்வீட் மெதக்குறப்போ கூட மேல்பக்கம் இலைத்துளை வச்சிருக்கு, லிவர்வொர்ட்ல எதுக்குமே அது கெடையாது. மார்கான்ஷியாங்குற இன்னொரு லிவர்வொர்ட்ல ஒரு துளை இருக்கும், ஆனா அது காவல் செல் வச்சு தொறந்து மூடாது. அதே நேரம் தண்ணி கீழயே இருக்குறப்போ குழாய் எதுக்குன்னு டக்வீட் அத ரொம்ப கொறச்சிடுச்சு, உல்ஃபியா தண்ணி ஏத்துற சைலக் குழாய சுத்தமா விட்டுடுச்சு. ஒண்ணுக்கு அது எப்பவுமே இருந்ததில்ல, இன்னொண்ணு இருந்தத எறக்கி வச்சது. பாக்க ஒரே மாதிரி இருக்குறதுக்கு அதான் காரணம்.

குழாய் இருந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா பக்கத்துல திருவக்கரைக்கு ஒரு ஞாயித்துக்கெழம போயிட்டு வா, கல்லாப் போன மரம் ஆளுயரத்துக்கு மேல படுத்துக் கெடக்கும். அவ்ளோ ஒசரத்துக்கு தண்ணி ஏத்துனது அந்தக் குழாய்தான். ரிக்சியா கூட்டம் தரைய விட்டு எழுந்திருக்காததுக்கும் அது இல்லாததுதான் காரணம்.

கேள்வி: எங்க வீட்டு மாட்டுக்கு அசோலா குழி போட்டிருக்கேன். அதுவும் இந்த டக்வீட் சாதிதானா? குழில பாதி டக்வீட் ஏறிடுச்சு, மாட்டுக்கு போடலாமா?
— ஒரு விவசாயி, குறிஞ்சிப்பாடி

பதில்: இல்லைங்க, அசோலா பெரணி வகை. பூவும் இல்ல, லிவர்வொர்ட்டும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல வருது. அது எலைக்குள்ள ஒரு நீலப்பச்சைப் பாசிய குடி வச்சு காத்துலேர்ந்து நைட்ரஜன் புடிக்கும், டக்வீட்டுக்கு அந்த ஏற்பாடு கெடையாது, தண்ணில கரைஞ்சு கெடக்குற சத்தத்தான் உறிஞ்சும். சுத்தமான குழித் தண்ணில வளந்த டக்வீட்டுல புரதம் நெறைய, வாத்தும் மீனும் நல்லா திங்கும், மாட்டுக்கு அசோலாவோட கலந்து கொஞ்சமா போட்டா பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா சாக்கடை ஓரத்துலயோ தொழிற்சாலைத் தண்ணி வர்ற வாய்க்கால்லயோ அள்ளுனத கண்டிப்பா போடாதீங்க. டக்வீட் ஈயம், காட்மியம் மாதிரி உலோகத்தையும் சேத்தே உறிஞ்சி ஒடம்புல வச்சுக்கும், அது பால் வரைக்கும் வரக்கூடாது. குழிய வாரம் ஒருக்கா வலை போட்டு அரிச்சு விடுங்க, ஒரு தடவ விட்டாலும் அது அசோலாவ மூடிடும்.

கேள்வி: ஈரல் பேரு வச்ச பாசி கெணத்து செவுத்துல இருந்தா அத அரைச்சு மஞ்சக்காமாலைக்கு குடுக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. என் தங்கச்சி புருஷனுக்கு காமாலை. செய்யலாமா?
— ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: வேண்டாம்மா. பேருல ஈரல் வந்ததே வடிவத்துனாலதான். எந்த உறுப்பு மாதிரி இருக்கோ அந்த உறுப்புக்கு மருந்துன்னு ஐரோப்பாவுல ஒரு காலத்துல நம்புனாங்க, அப்ப வச்ச பேரு அது, அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல. கெணத்து செவுத்துல ஒட்டுனது கூட வேற என்னென்ன ஒட்டியிருக்கும்னு தெரியாது, வயித்துக்குள்ள போனா ஏற்கெனவே நொந்து போன ஈரலுக்கு இன்னும் பாரம். தம்பிய இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ரத்தம் குடுத்து என்ன காமாலைன்னு பாருங்க. அடைப்பா இருக்கலாம், வைரஸா இருக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. இதுல ஒரு வாரம் தள்ளுறது ரொம்ப பெரிய விஷயம்மா, தயவுசெஞ்சு தள்ளாதீங்க.

கேள்வி: ரிடையர் ஆயிட்டேன் சார், சும்மா இருக்கேன், போன மாசம் ஒரு லென்ஸ் வாங்குனேன். லிவர்வொர்ட் எல்லாம் ஊட்டி, கொடைக்கானல்லதானே இருக்கும்? நம்ம கடலூர் வெயில்ல பாக்க முடியுமா?
— மஞ்சக்குப்பம்

பதில்: மலையிலதான் நெறைய, அது உண்மதாங்க. ஆனா சமவெளில இல்லேன்னு யாரு சொன்னது? இந்தியாவுல இந்தப் படிப்புக்கு தகப்பன்னு சொல்ற ஷிவ் ராம் காஷ்யப், லாகூர்ல வேல பாத்தவரு, இமயமலையோட நிறுத்தாம வெயில் கொளுத்துற பஞ்சாப் சமவெளிலயும் தேடி எழுதியிருக்காரு. நம்ம பக்கம் நமக்குன்னு வாய்ச்ச சீசன் ஐப்பசிலேர்ந்து தை வரைக்கும், வடகிழக்கு மழை பேஞ்சு மண்ணு ஈரமாவே கெடக்குற நேரம். கேப்பர் மலை செம்மண்ணுல ஆளு மிதிக்காத ஓரம், அறுப்பு முடிஞ்ச வயலோட வரப்பு, பூந்தொட்டி மண்ணு, பழைய செங்கல் செவுத்தோட நெழல் பக்கம், இங்கெல்லாம் குந்தி உக்காந்து பாருங்க. நின்னுக்கிட்டு பாத்தா தெரியாது. காசு அளவுல, வெளிர் பச்சையா, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு கவட்டை விட்டுப் போற வட்டம் தெரிஞ்சா அதுதான்.

பொங்கல் கழிஞ்சு மண்ணு காய ஆரம்பிக்கும், அப்ப திரும்பிப் போங்க. அந்த வட்டம் பழுப்பாகி, உள்ளார கறுப்பா கடுகுக்கும் சின்னதா புள்ளி தெரியும். மேல சொன்னேனே, தாயோட சதைக்குள்ள புதைஞ்ச புள்ள, அது இதான். அந்த எடத்து மண்ண ஒரு ஸ்பூன் சொரண்டி பேப்பர் கவர்ல போட்டு தேதியும் எடமும் எழுதி காய வச்சுடுங்க, ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சை புடிச்சுடும். அடுத்த மழைக்கு மண்சட்டில போட்டு தண்ணி தெளிச்சு கண்ணாடித் தட்டு மூடி வச்சா ஸ்போர் முளைக்குறத வீட்டுலயே பாக்கலாம். ரெண்டு வட்டம் கூட கெடச்சா ஒண்ண உயிரோட ஈரத்துணில சுத்தி இந்த பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பி வைங்க, பாகூர் பொண்ணுக்கு சேத்துடுறேன். மீன் தொட்டிக்கு அது ஆகாது, மண்ணு வகைதானே. ஆனா பிளேடால குறுக்க அறுத்து ஸ்லைடுல வச்சா அந்தப் புள்ளைக்கு 120 ரூபாய்க்கு கெடைக்காதது கெடச்சுடும்.